நாலரை மணிக் குறட்டை

புருஷனைப் பற்றிக் குறை சொல்வதற்கு எழுத்தாளரம்மா ஒரு வரிசை வைத்திருந்தாள். ஒன்று, அவள் எழுதியதில் ஒரு வரியைக்கூட மனுஷன் படித்தது கிடையாது. இரண்டு, எதைக் கேட்டாலும் ஓர் எண்ணைத்தான் பதிலாகச் சொல்வார். மூன்று, குறட்டை. மூன்றாவதற்கு முன்னால் ஒரு பெருமூச்சும் விட்டு, பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அவளுக்கு அது மனப்பாடமாகவே ஆகிவிட்டது. இப்போது அதே வரிசையைத் தன்னைத் தானே கேலி செய்துகொள்ள வைத்திருக்கிறாள். அப்போது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அப்போது அவள் யாரும் கண்டுகொள்ளாத மேதை.

மேதைக்கு உத்தியோகம் டிரை கிளீனிங் கடையில், கவுண்டரில். வருகிற துணியை உதறி, பாக்கெட்டுகளைத் துழாவி, பொத்தான்களை எண்ணி, கறை எங்கே இருக்கிறதென்று ரசீதில் எழுதி, எண் போட்ட துண்டைக் காலரில் குத்தி உள்ளே அனுப்ப வேண்டும். 'இடது கை மடிப்பில் எண்ணெய், மூன்றாவது பொத்தான் இல்லை, பின் கழுத்தில் சாயம்' என்று பத்தொன்பது வருஷமாக எழுதுகிறாள். பாக்கெட்டுகளிலிருந்து அவள் எடுக்காத பொருள் இல்லை. பஸ் டிக்கெட், பாதி மாத்திரை, கொடுக்காமல் போன ராஜினாமாக் கடிதம், ஒரு தடவை பல் செட். ஓர் ஆளைத் தெரிந்துகொள்ள அவன் பாக்கெட் போதும் என்று பின்கட்டில் இஸ்திரி போடுகிறவரிடம் பீற்றிக்கொள்வாள். அவர்தான் அவளுக்கு 'எழுத்தாளரம்மா' என்று பெயர் வைத்தவர். கிண்டலாகத்தான் ஆரம்பித்தார், பிறகு அதுவே ஒட்டிக்கொண்டது.

கை தவறி வீணாய்ப்போன ரசீதுகளின் பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். அதில்தான் கதை எழுதினாள். சின்னத் தாள் என்பதால் வாக்கியங்களும் சின்னதாக வந்தன. அதை அவளுடைய நடை என்று நாலு பேர் பாராட்டினார்கள். அவளும் ஆமாம் என்று தலையாட்டி வைத்தாள்.

எழுதும் நேரம் விடியற்காலை நாலரையிலிருந்து ஆறேகால் வரை. இடம், சமையலறை மேஜை. கதவுக்கு அந்தப் பக்கம் படுக்கையறையில் புருஷன் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். அந்தச் சத்தம் கேட்கிற வரைக்கும் பேனா ஓடும். சத்தம் நின்றால் மனுஷன் முழித்துவிட்டார் என்று அர்த்தம். உடனே தாள்களை வாரிப் பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடி, அடுப்பைப் பற்ற வைத்துவிடுவாள். பயமா என்றால் அதெல்லாம் ஒன்றுமில்லை. எழுதியதைக் காட்டலாம், எழுதுவதைக் காட்ட முடியாது, அவ்வளவுதான். எழுதும்போது அவளுக்கு வாய் கோணும், தனக்குத்தானே பேசுவாள், கதையில் யாராவது அழுதால் இவளும் மூக்கை உறிஞ்சுவாள். பதினோரு வருஷத்துக்கு முன்னால், எழுத ஆரம்பித்த புதிதில், தண்ணீர் குடிக்க வந்தவர் இந்தக் கோலத்தைப் பார்த்துவிட்டு, உடம்பு சரியில்லையா என்று கேட்டார். அன்றோடு ஒருத்தர் முன்னால் உட்கார்ந்து எழுதுவது என்பது அவளுக்கு முடியாமல் போயிற்று.

புருஷன் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் மெக்கானிக். இன்றைக்கு வேலை எப்படி என்றால் "நாலு வீடு" என்பார். வெளியூரில் வேலை பார்க்கும் மகள் போனில் என்ன சொன்னாள் என்றால் "பத்து நிமிஷம்" என்பார். மேஜையின் ஒரு கால் ஆடியபோது பழைய வாஷிங் மெஷினின் ரப்பர் பாதம் ஒன்று அதற்கு வந்து சேர்ந்தது. எழுதுகிற இடத்தில் இருட்டாக இருந்தபோது, எதிலிருந்தோ கழற்றிய விளக்கு ஒன்று சுவரில் முளைத்தது. இதையெல்லாம் யார் செய்தார்கள் என்று அவள் யோசித்ததே இல்லை. ஊரார் சட்டையிலெல்லாம் கறை தேடுகிறவளுக்குத் தன் வீட்டு மேஜை ஆடுவது நின்றதுகூடத் தெரியவில்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பத்திரிகை, கையெழுத்துப் பிரதி வேண்டாம், டைப் அடித்து அனுப்புங்கள் என்றது. வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. அவர் அதில் இரண்டு விரலால் சர்வீஸ் ரிப்போர்ட் அடிப்பார். ரசீதுக் கட்டை வைத்துக்கொண்டு அவள் விழித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, "குடு" என்று கை நீட்டினார். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. எழுதி முடித்த ரசீதுகளைக் கிளிப் போட்டுக் கம்ப்யூட்டர் பக்கத்தில் வைப்பாள். இரண்டு மூன்று நாளில் அச்சாகிவிடும். அச்சானதும் அசல் ரசீதுகள் ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தின் கீழே தொங்கும், அவள் எடுத்து மறுபடி டப்பாவில் போட்டுக்கொள்வாள். நடுவில் அவர் கேட்பது ஒரே கேள்விதான்: இந்த வரியைக் கோடு போட்டு அடித்திருக்கிறாயா, இல்லை டீ சிந்தியிருக்கிறதா?

முதல் கதையை அடித்து முடித்தபோது எப்படி இருந்தது என்று ஆசையாகக் கேட்டாள். "பன்னெண்டு பக்கம்" என்றார். அத்தோடு அவளுக்குத் தெளிவாகிவிட்டது. மெஷின் முதுகில் ஒட்டியிருக்கிற சீரியல் நம்பரைப் பார்த்து எழுதுகிற மாதிரிதான் மனுஷன் இதையும் அடிக்கிறார், எழுத்து ஒவ்வொன்றாகப் போகிறது, மண்டைக்குள் ஒன்றும் இறங்கவில்லை. அதற்குப் பிறகு அவள் கேட்டதில்லை. அச்சான தன் எழுத்தைத் திரும்பப் பார்க்கக் கூச்சமாக இருக்கும் என்பதால், வந்ததை அப்படியே அனுப்பிவிடுவாள்.

படிக்கவே மாட்டார் என்ற அந்த நம்பிக்கையில்தான் நாவலை ஆரம்பித்தாள். நாவலில் ஒரு மனைவி, எழுதுகிறவள். அவளுக்கு ஒரு புருஷன், மரக்கட்டை. எண்களில் பேசுவான், டீயைச் சாஸரில் ஊற்றி உறிஞ்சுவான், குறட்டை விடுவான். அடையாளம் தெரியக் கூடாதென்று ஃபிரிட்ஜ் மெக்கானிக்கை ஃபேன் மெக்கானிக் ஆக்கினாள். அவ்வளவுதான் மாறுவேடம். குறட்டைக்கு மட்டும் ஒன்பது பக்கம் ஒதுக்கினாள். நாலு தட்டு, ஒரு இழுப்பு, மறுபடி நாலு தட்டு என்று தாளம் பிரித்து, ஒரு பெண்ணின் கனவுகளை மிதித்துக்கொண்டு நடக்கிற பூட்ஸ் கால்கள் அவை என்று முடித்து, கிளிப் போட்டு, அதே ஆளிடம் டைப் அடிக்கக் கொடுத்தாள். அந்த நெஞ்சழுத்தத்தை இப்போது நினைத்தாலும் அவளுக்கு உடம்பு கூசுகிறது. அவர் அடித்துக் கொடுத்தார். ஒன்பதாவது பக்கம் பாதிதான் வந்திருக்கிறது என்றார். போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நூலக மாடியில் எழுத்தாளர் வட்டம் கூடும். பதினைந்து பேர் வருவார்கள், பதினான்கு பேருக்கு வீட்டில் ஆதரவு இல்லை. மிச்சமிருக்கிற ஒருவர் பல் டாக்டர், கவிஞர். நாற்காலியில் வாய் திறந்து கிடப்பவர்களிடம் கவிதை சொல்வார், எதிர்ப்பு வராது. அவருடைய மனைவி ஒவ்வொரு கவிதையையும் கண்ணாடிக் காகிதத்தில் போட்டுத் தேதி எழுதி வைப்பாராம், படிக்கும்போதெல்லாம் கண் கலங்குவாராம். அந்த அம்மாளைப் பார்க்கும்போதெல்லாம் எழுத்தாளரம்மாவுக்கு வயிறு எரியும். இருபது வருஷமாக டாக்டரின் கவிதை ஒரு அங்குலம்கூட நகரவில்லை என்பது அவளுக்குத் தெரியும். இருந்தாலும் எரியும். குறட்டை அத்தியாயத்தை ரசீதுகளைப் பார்த்து அவள் அங்கே வாசித்த அன்றைக்கு எல்லோரும் கை தட்டினார்கள். இப்படி ஒரு கல்லோடு குடித்தனம் நடத்திக்கொண்டு எழுதுகிறீர்களே என்று டாக்டர் கையைப் பிடித்துக்கொண்டார். அவளுக்கு ஜிவ்வென்றிருந்தது. கல் கீழே வாசலில் ஸ்கூட்டரை வைத்துக்கொண்டு அவளைக் கூட்டிப்போகக் காத்திருந்தது.

அந்தக் கூட்டத்துக்கு வந்திருந்த ஒரு பதிப்பாளர் அம்மாள் நாவலைக் கேட்டு வாங்கிப் படித்தார். கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. அது சனிக்கிழமைக்குள் வந்தால் இந்த வருஷமே புத்தகம், இல்லையென்றால் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். கூடவே ஒன்றைப் பாராட்டினார். அந்த ஃபேன், நிற்கவும் முடியாமல் ஓடவும் முடியாமல் மெதுவாகச் சுற்றுகிறதே, நாவலின் உயிரே அதில்தான் இருக்கிறது என்றார். எங்குமே ஒரு முரண்பாடு இல்லை, அவ்வளவு கவனமாக எழுதுகிறீர்கள் என்றும் சொன்னார். எழுத்தாளரம்மா தலையைக் குனிந்து அடக்கமாகச் சிரித்தாள். ஃபேன் மெதுவாகச் சுற்றியதாக எழுதின ஞாபகம் அவளுக்கு இல்லை. மேதைகளுக்கு இப்படித்தான், எழுதினது தங்களுக்கே மறந்துபோகும் என்று நினைத்துக்கொண்டாள்.

கடைசி அத்தியாயத்தை ஒரே மூச்சில் எழுதினாள். மனைவி விடியற்காலையில் எழுந்து, பையை எடுத்துக்கொண்டு, வீட்டை விட்டே போய்விடுகிறாள். புருஷன் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறான். கடைசி வரி: 'அவன் தூங்கிக்கொண்டே இருந்தான்.' அந்த வரியில் அவளே அழுது, மூக்கைச் சிந்தி, திங்கட்கிழமை காலை ரசீதுக் கட்டைக் கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்துவிட்டுக் கடைக்குப் போனாள்.

செவ்வாய்க்கிழமை கட்டு வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. புதன்கிழமையும் இருந்தது. கிளிப்பைக்கூட எடுக்கவில்லை. ஆறு வருஷத்தில் இப்படி நடந்ததில்லை. அவரிடம் எந்த மாற்றமும் தெரியவில்லை. நாலு வீடு, மூணு வீடு, டீ, சாஸர் எல்லாம் அப்படியே இருந்தன. கேட்க நாக்கு எழவில்லை. கடையில் ஒரு வெள்ளைச் சட்டைக்குக் கறை 'வலது கடைசி அத்தியாயத்தில்' என்று எழுதிவிட்டு, அந்த ரசீதைக் கிழித்துப்போட்டாள். ஐயாவுக்கு வேலை ஜாஸ்தியாக இருக்கும் என்று இஸ்திரிக்காரர் சமாதானம் சொன்னார்.

புதன் சாயங்காலம் மகளுக்குப் போன் போட்டாள். கதை முழுவதையும் கேட்டுவிட்டு மகள் ஒன்றைத்தான் திருப்பிக் கேட்டாள்.

"அதை அப்பாகிட்டயே குடுத்தியா?"

"அவர் எங்கடி படிக்கிறாரு. பாத்து அடிக்கிறதோட சரி."

"என் காலேஜ் ரிப்போர்ட்ட அவர்தான் அடிச்சாரு. உள்ள ரெண்டு தப்பு இருந்துச்சு, சொல்லாமயே சரி பண்ணி வச்சிருந்தாரு. நீ எழுதினதையும் அவர் அடிச்சதையும் ஒருநாளாவது ஒத்துப் பாத்தியாம்மா?"

பார்த்ததில்லை. போனை வைத்துவிட்டு, பிஸ்கட் டப்பாவையும் வீட்டில் இருந்த இன்னொரு அச்சுப் பிரதியையும் தரையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். முதலில் ஃபேனைத் தேடினாள். கெபாசிட்டர் கெட்டுப்போனதும் ஃபேன் வெறி பிடித்தது போல் சுற்றியது என்று ரசீதில் எழுதியிருந்தாள். அச்சில், நிஜத்தில் ஆகிறபடியே, கெபாசிட்டர் கெட்டுப்போனதும் ஃபேன் மெதுவாகச் சுற்றியது. நாவலின் உயிர் என்று பதிப்பாளர் அம்மாள் பாராட்டியது மெக்கானிக்கின் வேலை. இரண்டாம் அத்தியாயத்தில் கதாநாயகிக்கு ஒரு தங்கை, ஏழாவதில் இரண்டு. அச்சில் ஒரே தங்கைதான். வாசலில் நீலப் புடவையோடு கிளம்பியவள் பஸ்ஸில் பச்சைப் புடவையோடு உட்கார்ந்திருந்தாள், அச்சில் நீலத்தோடே போய்ச் சேர்ந்தாள். ஐந்தாம் அத்தியாயத்தில் செத்துப்போன வீட்டுக்காரக் கிழவர் பத்தாவதில் வந்து வாடகை கேட்டார். அச்சில் கேட்டது அவர் மகன்.

இப்படி முப்பத்தோரு இடம். அவளும் எண்ண ஆரம்பித்துவிட்டாள். இவ்வளவையும் பிடிக்க வேண்டுமானால் ஒருத்தர் சும்மா படித்தால் போதாது, முதல் பக்கத்தை மனசில் வைத்துக்கொண்டு கடைசிப் பக்கத்தைப் படிக்க வேண்டும். வட்டத்தில் பதினைந்து பேரில் ஒருத்தர்கூட அவளை அப்படிப் படித்ததில்லை. அவளே படித்ததில்லை.

பிறகு குறட்டை அத்தியாயத்தை எடுத்தாள். ஒன்பது பக்கத்திலும் ஒரு எழுத்து மாறவில்லை. பூட்ஸ் கால்கள் இருந்தன, மரக்கட்டை இருந்தது, 'இவனுக்குள் ஒரு மனம் இருக்குமானால் அதையும் ஸ்குரூ போட்டு மூடிவிட்டிருப்பான்' என்ற வரி இருந்தது. அந்த வரியை எழுதிய அன்றைக்கு அவள் தன் முதுகில் தானே தட்டிக்கொண்டாள். அதை இரண்டு விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அவர் அடித்திருக்கிறார். அவளுக்கு முகம் சுட்டது. அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டாள்.

அப்போதுகூட முதலில் வந்த கவலை சனிக்கிழமையைப் பற்றித்தான். இதை அவள் மறைப்பதில்லை. புருஷன் மனசு புண்பட்டுக் கிடக்கிறது, இவள் புத்தகம் இந்த வருஷம் வருமா வராதா என்று யோசித்தாள். தானே டைப் அடித்துவிடலாம் என்று உட்கார்ந்து பார்த்தாள். ஒரு மணி நேரத்தில் மூன்று வரி வந்தது, அதில் ஒன்று எங்கேயோ காணாமலும் போனது. ஃபேன் மெக்கானிக்கைப் பல் டாக்டராக மாற்றிவிட்டால் என்ன என்றும் யோசித்தாள். நாவல் முழுவதும் கழற்றி மாட்ட வேண்டும். அதற்கும் அவர்தான் டைப் அடிக்க வேண்டும் என்று ஞாபகம் வந்ததும் அழுகை வந்துவிட்டது. அழுகை வந்த பிறகுதான் பயமும் வந்தது. சனிக்கிழமை போய்விட்டுப் போகட்டும், இந்த மனுஷன் இனிமேல் 'குடு' என்று கை நீட்டவே மாட்டாரோ என்ற பயம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் சமையலறை மேஜையில் ஒரு ஃபிரிட்ஜின் தெர்மோஸ்டாட்டைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார். எதிரே போய் உட்கார்ந்தாள். இரண்டு நாளாக ஒத்திகை பார்த்த மன்னிப்பு எதுவும் வாயில் வரவில்லை.

"அந்தக் கடைசிக் கட்டு..."

"அடிக்கல."

"கோவமா?"

"கோவமெல்லாம் இல்ல. அதுல ஒரு தப்பு இருக்கு."

"மத்ததெல்லாம் நீங்களே திருத்தியிருக்கீங்க. பாத்தேன். முப்பத்தோரு இடம்."

"முப்பத்தாறு" என்றார், ஸ்குரூவைத் தட்டில் வைத்தபடி. "அதெல்லாம் உதிரி சாமான் மாத்துற மாதிரி. இது கதையோட முடிவு. உன் கதை. நான் கை வைக்கக் கூடாது. ஆனா அப்படியே அடிக்கவும் வரல."

"என்னங்க தப்பு?"

"அவ போறப்ப அவன் தூங்குறான்னு எழுதியிருக்க."

"ஆமா."

"அவன் தூங்கல."

அவளுக்குப் புரியவில்லை. அவர் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார். அதற்குப் பிறகு, கல்யாணமானதிலிருந்து அவர் பேசியதிலேயே நீளமான பேச்சைப் பேசினார். உடம்பு சரியில்லையா என்று அவர் கேட்டாரே, அந்தச் சமயத்திலேயே அவருக்கு நாலரைக்கு விழிப்புத் தட்ட ஆரம்பித்திருந்தது. எழுந்து சமையலறைப் பக்கம் போனால் டப்பா மூடுகிற சத்தம் கேட்கும். சரி, போக வேண்டாம் என்று படுக்கையிலேயே சும்மா கிடந்தார். அப்போதும் டப்பா மூடியது. இது என்னடா என்று அவருக்கு விளங்கவில்லை. ஒரு நாள் தொண்டை கமறி, கர்ரென்று ஒரு சத்தம் வந்தது. டப்பா திறந்தது, பேனா ஓட ஆரம்பித்தது. மறுநாள் வேண்டுமென்றே விட்டுப் பார்த்தார். திறந்தது. நிறுத்திப் பார்த்தார். மூடியது.

"சத்தம் வந்தா ஓடுது, நின்னா நிக்குது. சரி, இதுதான் சுவிட்சுன்னு தெரிஞ்சுபோச்சு" என்றார். "அப்புறம் ஆறேகால் வரைக்கும் விட வேண்டியதுதான்."

"பதினோரு வருஷமாவா?"

"ஜுரம் வந்த நாலு நாள் தவிர."

"அப்ப உங்களுக்குக் குறட்டையே வராதா?"

"வரும். நாலரை வரைக்கும்."

அவள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. ஒன்பது பக்கத்தைப் பற்றிக் கேட்டாள். அதை எப்படி அடித்தீர்கள் என்றாள். அவர் தெர்மோஸ்டாட்டைப் பார்த்துக்கொண்டே, அது நன்றாக இருந்தது என்றார். அவள் எழுத்தைப் பற்றி முதல் தடவையாக எண் இல்லாத ஒரு பதில் வந்தது.

"அது கதை. கதைல அவன் தூங்கிட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். ஆனா அவ பையத் தூக்கிட்டுக் கதவத் தொறக்குறா. அப்பவும் தூங்குறான்னா எப்படி? எனக்கு டப்பா மூடி சத்தமே கேக்குது."

அவர் தெர்மோஸ்டாட்டைப் பூட்ட ஆரம்பித்தார். அவள் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். மன்னிச்சுடுங்க என்று சொன்னாள். அவர் ஒரு ஸ்குரூவைக் காணோம் என்று தேடிக்கொண்டிருந்தார். அவளும் குனிந்து தேடினாள். அது அவள் நாற்காலிக்குக் கீழேதான் கிடந்தது.

சனிக்கிழமை நாலரைக்கு எழுந்தாள். கதவைச் சாத்தியதும் உள்ளே குறட்டை ஆரம்பித்தது. அவள் இரண்டு டம்ளரில் டீயைப் போட்டுவிட்டு, போதும், எழுந்து வாங்க, தெரியும் என்று குரல் கொடுத்தாள். சத்தம் நின்றது. அவர் வந்து எதிரே உட்கார்ந்தார். இனிமேல் ஒளிவுமறைவே இல்லை, புருஷன் எதிரே இருக்க நான் எழுதப்போகிறேன் என்று அவளுக்குப் பெருமையாக இருந்தது. ரசீதை எடுத்தாள், பேனாவைத் திறந்தாள். அவர் டீயைச் சாஸரில் ஊற்றி உறிஞ்சினார். அவள் பேனாவை மூடினாள். நான் பார்க்கவில்லை, நீ எழுது என்று அவர் ஃபிரிட்ஜ் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். அந்த முதுகு முகத்தைவிட மோசமாக இருந்தது. இருபத்தைந்து நிமிஷத்தில் 'அவள்' என்ற ஒரு வார்த்தை வந்தது. அதையும் அடித்தாள்.

"என்னங்க, தப்பா நினைச்சுக்காதீங்க."

"உள்ள போகவா?"

"போயி..." அதற்கு மேல் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"குறட்டையா?" என்றார்.

தலையாட்டினாள். அவர் டம்ளரையும் சாஸரையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். ஒரு நிமிஷம் கழித்து ஆரம்பித்தது. நாலு தட்டு, ஒரு இழுப்பு. எவ்வளவு மோசமான நடிப்பு, இதை எப்படி நம்பினேன் என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே எழுத ஆரம்பித்தாள். கதாநாயகி பையைத் தூக்கிக் கதவைத் திறக்கிறாள். குறட்டை நிற்கிறது. அவளும் நிற்கிறாள். அடுத்த நொடியே குறட்டை மறுபடி ஆரம்பிக்கிறது, தாளம் தப்பி, அவசர அவசரமாக. அவளுக்கு எல்லாம் விளங்கிவிடுகிறது. பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு பேருக்கு டீ வைக்கப் போகிறாள். அதற்கப்புறம் போகிறாளா இருக்கிறாளா என்று எழுதவில்லை. போவதானாலும் முழித்திருக்கிறவனிடம் சொல்லிக்கொண்டு போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஆறு மணிக்கே முடிந்துவிட்டது. டப்பாவை மூடினாள். உள்ளே சத்தம் நிற்கவில்லை. போய்ப் பார்த்தாள். வாயைத் திறந்துகொண்டு, காலி டம்ளரை நெஞ்சின்மேல் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, மனுஷன் நிஜமாகவே தூங்கிப் போயிருந்தார். நாலு தட்டும் இல்லை, இழுப்பும் இல்லை. ஒரே சீரான, சின்னச் சத்தம். ராத்திரியில் இது வருகிற நேரத்தில் அவளும் தூங்கிக்கொண்டிருப்பாள், கேட்டதே இல்லை. ஊரே கை தட்டிய அந்த ஒன்பது பக்கமும் நடிப்பைக் கேட்டு எழுதியது. டம்ளரை மெதுவாக எடுத்து வைத்தாள்.

எழுப்ப மனசு வரவில்லை. தானே போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஒற்றை விரலால் எழுத்தைத் தேட ஆரம்பித்தாள். ஏழு மணிக்குப் பின்னால் வந்து நின்றவர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அஞ்சு வரி" என்றார். குனிந்து பார்த்துவிட்டு, "ஒம்பது தப்பு. தள்ளு" என்று கை நீட்டினார்.

அவள் நாற்காலியை விட்டுக் கொடுத்தாள். வழக்கமாக அப்படியே எழுந்து போய்விடுவாள், இன்றைக்கு ஸ்டூலை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அவருடைய இரண்டு விரல்களும் ரசீது ரசீதாக நகர்ந்தன. பை வந்தது, கதவு வந்தது, குறட்டை நின்றது. 'அடுத்த நொடியே' என்ற இடத்தில் விரல்கள் நின்றுவிட்டன.

"மூணு நிமிஷம்" என்றார்.

"எதுக்கு?"

"அடுத்த நொடியே வராது. மூணு நிமிஷமாவது ஆகும்." திரையைப் பார்த்தபடியே சொன்னார். "அவ போயிடுவாளோன்னு அவனுக்கு மூச்சு நின்னுபோயிருக்கும். அது திரும்பி வந்தப்புறம்தான குறட்டை விட முடியும்."

அவர் அடிக்காமல் அவளுக்காகக் காத்திருந்தார்.

"திருத்திக்கோங்க" என்றாள்.